வாசப்பாய்

காதுல என்ன கண்ணு, செகப்புக் கல்லா? கொஞ்சம் இப்படித் திரும்பு. ம்ம். நல்லாருக்கு. தொட மாட்டேன், பயப்படாத. எங்க சபையில பொட்டுத் தங்கம் ஆகாது. இந்தா, என் காதைப் பாரு, ஓட்டையே தூந்து போச்சு. கழட்டி இருபத்தெட்டு வருஷம். வெள்ளைச் சீலை, முக்காடு, ஒரு ரப்பர் வளையல்கூடக் கிடையாது. என்னைப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

பஸ் டிரைவர் என்ன சொல்றாரு? ரோட்டுல விழுந்த மரத்தை அறுக்க இனிமேத்தான் ஆள் வரணுமா? நல்லாப் போச்சு போ. இந்த நடுவட்டம் மலைப்பாதையில மரம் விழுந்தா சும்மா எந்திரிக்காது. உனக்கென்ன, எப்பப் போனாலும் சரிதான். எனக்கு நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில எட்டு மணிக்கு சபையில இருக்கணும். எட்டுன்னாலும் லேட்டுதான், ஏழரைக்கே இருக்கணும். எட்டுக்கு அவ வந்துடுவா.

அவதான், தொர்க்காள். பேரைச் சொன்னாலே எனக்கு இங்க, நெஞ்சுக்குக் கீழ, ஒரு மாதிரி பண்ணும். நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டுப் பாத்தேன், கேக்கல. சத்தம் போட்டுச் சொல்லாத, எங்க சபையில மாத்திரையும் ஆகாது.

என் பேரு மில்காள். சிரி, பரவாயில்ல. வேதத்துல இருக்கற பேருதான், ஞானஸ்நானம் குடுக்கும்போது ஐயா வெச்சாரு. ஐயான்னா எங்க பாஸ்டர், எப்பிராயீம் ஐயா. அதுக்கு முன்னால நான் லெச்சுமி. எஸ்டேட்டுல இன்னிக்கும் என்னைப் பால்காரம்மான்னுதான் கூப்பிடறாங்க. மாடே இல்ல என்கிட்ட.

நாப்பது குடும்பம் எங்க சபை. சின்ன சபைதான், ஆனா கட்டுப்பாடான சபை. டிவி கிடையாது, பூ கிடையாது, சினிமாப் பாட்டு வாயில வரக்கூடாது. பாவம் பண்ணினா மறைக்கக் கூடாது. பண்ணினவங்க எல்லாருக்கும் முன்னால நின்னு, தன் வாயால சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் வாசப்பாய்.

வாசப்பாய்னா உனக்குத் தெரியாதில்ல. நாங்க கீழதான் உக்காருவோம், பாய் விரிச்சு. ஆம்பளைங்க அந்தப் பக்கம், பொம்பளைங்க இந்தப் பக்கம். நிலைப்படிக்கு ஓரமா, செருப்பெல்லாம் கழட்டிப் போடற இடத்துல ஒரு பழைய கோரைப்பாய் கிடக்கும். தண்டனையில இருக்கறவங்க அதுல உக்காரணும். திருவிருந்து அப்பம் கிடையாது, திராட்சை ரசம் கிடையாது, பாட்டுப் பாடக்கூடாது. அதெல்லாம்கூடத் தாங்கிக்கலாம். யாரும் அவங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்ல மாட்டாங்க. நாங்க பாத்துக்கிட்டா வணக்கம் சொல்ல மாட்டோம், ஸ்தோத்திரம்னுதான் சொல்லுவோம். கடையில, பஸ்ஸுல, தேயிலை நிறுக்கற இடத்துல, எங்க பாத்தாலும் ஸ்தோத்திரம். அது இல்லாம நாப்பது நாள் இருந்து பாரு. ஒரு அண்ணன் பீடி குடிச்சு மாட்டிக்கிட்டு இருபதாவது நாள் அழுதுட்டாரு.

நான் வாசப்பாய்ல உக்காந்ததே இல்ல. அதுக்கு எதிர்க்கோடி என் இடம். முதல் பாய், ஐயா நிக்கற மேசைக்கு நேர் எதிர. ஏன்னு கேளு. எனக்கு அந்நிய பாஷை வரம்.

பரிசுத்த ஆவியோட அபிஷேகம் வந்தா நமக்கே தெரியாத பாஷையை நாக்கு பேசும். அதான் அந்நிய பாஷை. எங்க சபையில அது வந்தாத்தான் முழு விசுவாசி. எனக்கு ரொம்ப நாள் வரல. என்கூட ஞானஸ்நானம் எடுத்தவங்க எல்லாருக்கும் வந்துருச்சு. காது மந்தமான ஒரு கிழவிக்குக்கூட வந்துருச்சு. நான் மட்டும் காத்திருப்புக் கூட்டத்துல முழங்கால் போட்டுப் போட்டு, முட்டி கறுத்ததுதான் மிச்சம். மூணு வருஷம், கண்ணு. எல்லாரும் என்னைப் பாவமா பாக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு அந்தப் பார்வை ஆகவே ஆகாது.

ஒரு நாள் ஐயா என் தலையில கை வெச்சு அழுத்தி, "நாவைக் குடு மகளே, நாவைக் குடு"ன்னு கத்துறாரு. சுத்தி எல்லாரும் கத்துறாங்க. உபவாசம் இருந்த பசி மயக்கம் வேற. என் வாயில இருந்து வந்துச்சு பாரு, எக்க தெக்க துன ஹத்தர பஹ ஹய.

ஐயா அல்லேலூயான்னாரு. சபை மொத்தமும் அல்லேலூயா.

உனக்கு மட்டும் சொல்றேன். அது சிங்களம். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு.

நான் பொறந்தது சிலோன்ல, பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துல. ஒன்பது வயசுல இந்தியாவுக்குன்னு கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. தோட்டத்துக்குக் கீழ பியதாசன்னு ஒரு சிங்களவர் பாண் கடை வெச்சிருந்தாரு. பாண்னா ரொட்டி. அங்க அப்படித்தான் சொல்லுவோம். அந்த மாமா பாண் எண்ணித் தர்றதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சு. கொஹெத யன்னே, எங்க போறே. வரென் மெஹே, இங்க வா. பாண் இவரய், பாண் தீந்துபோச்சு. அவ்வளவுதான் என் அந்நிய பாஷை. மொத்தம் ஒரு பாண் கடை.

முதல் தடவை வேணும்னு பண்ணல. ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்னா பாத்துக்க. அப்புறம்? அப்புறம் எப்படி நிறுத்தறது? முதல் பாய்ல உக்கார வெச்சுட்டாங்க. சபையில சிலோன்காரி நான் ஒருத்திதான். மத்தவங்கெல்லாம் சேலம், தர்மபுரி, மலையாளத்துப் பக்கம். யாருக்குத் தெரியப்போகுது? சாமிக்குத் தெரியும்தான். சாமி என்னை மூணு வருஷம் காக்க வெச்சாரில்ல, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால ஐயா ஒரு மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாரு. வந்ததும் புதுச் சட்டம். அர்த்தம் சொல்ல ஆள் இல்லேன்னா சபையில அந்நிய பாஷை பேசக்கூடாதாம், வேதத்துலயே இருக்காம். வியாக்கியான வரம்னு அதுக்குத் தனி வரம். எங்க சபையில யாருக்கும் அது இல்ல. அதனால மில்காள் சகோதரி வீட்டுல ஜெபிக்கும்போது பேசிக்கட்டும்னுட்டாரு. முதல் பாய்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன், அஞ்சு மாசம். பக்கத்துல இருக்கறவளுக இடுப்பால இடிச்சு இடிச்சு என்னை ஓரத்துக்குத் தள்ளறாளுக.

அப்பத்தான் தொர்க்காள் வந்தா. ராமநாதபுரம் பக்கம்னா. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, ஃபேக்டரியில தூள் சலிக்கற வேலை. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவ. நல்லா உயரமா இருப்பா. வெள்ளைச் சீலை எல்லாரும்தான் கட்டறோம், அவ கட்டினா மட்டும் ஏதோ கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கும். வந்த மூணாவது வாரம் எனக்குப் பொறுக்கல, ஐயா ஜெபம் பண்ணும்போது என்னையறியாம வாய் தொறந்துட்டேன். எக்க தெக்க துன. ஐயா கண்ணைத் தொறந்து முறைக்கிறாரு. பின்னால இருந்து ஒரு சத்தம்.

"என் ஜனமே, நான் உங்களை ஒவ்வொருவராய் எண்ணியிருக்கிறேன். ஒருவரும் விடுபடவில்லை என்று கர்த்தர் சொல்லுகிறார்."

தொர்க்காள். எந்திரிச்சு நின்னு, கண்ணை மூடிக்கிட்டு சொல்றா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் எண்ணினேன். அவ எண்ணறதுன்னு சொல்றா! அடுத்த வாரம் சோதிச்சுப் பாக்கலாம்னு கொஹெத யன்னேன்னேன். "மகளே, நீ எங்கே போகிறாய் என்று கர்த்தர் கேட்கிறார்"ங்கறா. பாண் இவரய்னேன். "அப்பமில்லாமல் திரும்பினவர்களே, ஜீவ அப்பம் நானே"ங்கறா. சபை அழுவுது. அண்ணமாரெல்லாம் மூக்கைச் சிந்தறாங்க, பியதாச மாமா பாண் தீந்துபோச்சுன்னதுக்கு.

எனக்கு அன்னிக்கே விளங்கிப்போச்சு. அவளோடது நிஜ வரம். சிங்களத்துல ஒரு சொல் தெரியாதவ, நான் பொய்யா பேசறதுக்கு நிஜமா அர்த்தம் சொல்றான்னா, வேற என்ன? சாமி அவ காதுலயே சொல்றாரு. இருபது வருஷமா நான் முட்டி தேய்ச்சுக் கேட்டதை, மூணாவது வாரம் அவ கையில குடுத்துட்டாரு. என் பொய்யை வெச்சே குடுத்தாரு பாரு, அதான் எனக்கு ஆறவே இல்ல. மாவு நான் பிசையறேன், மணக்கறது அவ வீட்டுல.

என்னை மறுபடி பேச விட்டாங்க, அது நிஜம்தான். அவளாலதான் பேச விட்டாங்கன்னு நீ சொல்லுவே. சொல்லிக்க. ஆனா கூட்டம் முடிஞ்சா யாரைச் சுத்தி நிப்பாங்க? அவளைத்தான். "இன்னிக்கு என்ன அருமையா சொன்னீங்க சகோதரி!" நான் பேசினதை யாரும் கேக்கறதில்ல, அவ சொல்றதுக்காகத்தான் நான் பேசற மாதிரி ஆயிப்போச்சு. ஒரு தடவை அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசப் போனேன். கையில டீயும் ரொட்டியும் வெச்சிருந்தா. "அக்கா, பாண் சாப்பிடறீங்களா"ன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் வார்த்தை அது, பாண். நான் சொல்றதைக் கேட்டு கேட்டு அதையும் எடுத்துக்கிட்டா. வேண்டாம்னுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் நானா போய்ப் பேசினதில்ல.

நாலு வருஷம் இப்படியே போச்சு.

போன வருஷம் ஆடி மாசம், நல்ல மழை. ஃபேக்டரி லீவு. அவ சபைக்கு இரவல் குடுத்த அண்டாவைத் திருப்பித் தரச்சொல்லி ஐயா வீட்டம்மா என்கிட்ட குடுத்து அனுப்பினாங்க. மத்தியானம் போறேன். கதவு தொறந்து கிடக்கு. உள்ள அவ தரையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. தலையில முக்காடு இல்ல. காதுல கம்மல். செகப்புக் கல்லு, உன்னோடது மாதிரியேதான், இதைவிடக் கொஞ்சம் பெருசு. கண்ணாடி பாக்கல, ஆட்டிப் பாக்கல. வெங்காயம் உரிக்கறா, கண்ணுல தண்ணி, காதுல ரெண்டு கம்மல்.

நான் கூப்பிடல. அண்டாவைத் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அழகா இருந்தா கண்ணு. சொல்லக்கூடாதுதான், ஆனா இருந்தா. திரும்பி வர்ற வழி பூரா என் காதைத் தடவிக்கிட்டே வந்தேன்.

நான் கோள் சொல்றவ இல்ல. அதை நல்லாப் புரிஞ்சுக்க. புதன்கிழமை உபவாச ஜெபத்துல யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கான்னு ஐயா கேட்டாரு. ஒரு சகோதரிக்காக எனக்குப் பாரமா இருக்குங்கய்யா, உலக ஆசை அவங்களை இழுக்குது, அவங்க காதுக்காக ஜெபிச்சுக்கணும்னேன். காதுக்காகவான்னாரு. காதுல என்னன்னு நான் எப்படிங்கய்யா சொல்லுவேன், பேரைச் சொல்றது சரியில்லைன்னேன். வற்புறுத்திக் கேட்டாரு. முதல் எழுத்தை மட்டும் சொன்னேன், "தொ"ன்னு. எங்க சபையில "தொ"வுல ஆரம்பிக்கறவ ஒருத்திதான். அது என் குத்தமா?

ஞாயித்துக்கிழமை அப்பம் பிட்கறதுக்கு முன்னால ஐயா கூப்பிட்டாரு. தொர்க்காள் எந்திரிச்சு வந்தா. கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க போல, கம்மலைக் கைக்குட்டையில முடிஞ்சு கொண்டு வந்திருந்தா. மேசை மேல அவிழ்த்து வெச்சா. எல்லாரும் எட்டிப் பாத்தாங்க.

"உன் வாயால சொல்லும்மா"ன்னாரு ஐயா.

"எங்கம்மாவோடதுங்கய்யா. கடைசியா பாத்தப்ப அவங்க காதுல இருந்து கழட்டிக் குடுத்தாங்க. மழை பேஞ்சா அவங்க நெனைப்பு வந்துரும். வந்தா எடுத்துப் போட்டுக்குவேன். போட்டுக்கிட்டு வேலை செய்வேன். இது பாவம்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அழல. அழுதிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

"வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கியா?" இது ஐயா எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான், வழக்கம். எல்லாரும் இல்லீங்கய்யான்னுதான் சொல்லுவாங்க. இவ திரும்பி என்னைப் பாத்தா. முதல் பாய்ல உக்காந்திருக்கற என்னை. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டேன்.

"இருக்குங்கய்யா. எனக்கு வியாக்கியான வரம் கிடையாது. இத்தனை நாள் எனக்குத் தெரிஞ்சதை வெச்சுத்தான் சொன்னேன். கர்த்தர் சொன்னாருன்னு சொன்னது பொய்."

ஐயா மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அப்போ மில்காள் சகோதரி பேசினதுக்கு நீ சொன்ன அர்த்தமெல்லாம் பொய்யா?"

"அர்த்தம் பொய் இல்லீங்கய்யா. வரம்தான் பொய்."

திமிரைப் பாத்தியா, எனக்கு அப்படித்தான் தோணுச்சு. ஐயாவுக்கும் அப்படித்தான். கம்மலுக்கு நாப்பது நாள்னு இருந்தது, ஒரு வருஷம்னு ஆயிப்போச்சு. எங்க சபையில யாருக்கும் ஒரு வருஷம் குடுத்ததில்ல. அவ தலையைக் குனிஞ்சு ஸ்தோத்திரம்னா. யாரும் பதில் சொல்லல. நடந்து போயி வாசப்பாய்ல உக்காந்தா.

எனக்கு அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சான்னு கேக்கறியா? இருந்துச்சு. ஒரு மணி நேரம் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து உலை வெக்கும்போதுதான் உரைச்சுது, அர்த்தம் சொல்ல ஆள் போயாச்சு, இனி நானும் பேச முடியாது.

சரி, அவளாவது அங்க கெடந்து வாடுவான்னு பாத்தேன். வாடினாளா? கேளு. சும்மா உக்காந்திருக்க முடியாம, எல்லாரும் கழட்டிப் போட்ட செருப்பை ஜோடி சேத்து வெக்க ஆரம்பிச்சா. மழைக்காலத்துல எங்க செருப்பு எல்லாம் செம்மண் அப்பி ஒரே மாதிரிதான் இருக்கும், எதைத் தேடி எதை மாட்டறது. இவ துடைச்சு, ஜோடி சேத்து, திருப்பி வெச்சிருப்பா. கூட்டம் முடிஞ்சு வந்தா நேரா காலை விட்டுக்கிட்டுப் போகலாம். ஸ்தோத்திரம் சொல்லக்கூடாது. ஆனா சிரிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லையே? எல்லாரும் அவளைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போறாங்க. ஐயா வீட்டம்மா சாரல் அடிக்குதுன்னு அவளுக்கு ஒரு குடையைச் சாத்தி வெச்சுட்டுப் போறாங்க. தண்டனையில இருக்கறவளுக்கு இவ்வளவு மவுசா? முதல் பாய்ல இருக்கற என்னை யாரு பாத்து சிரிச்சாங்க?

ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்னே ஒரு செருப்பை வாசல்லயும் ஒண்ணை வெளிய மாமரத்துக்குக் கீழயும் கழட்டிப் போட்டேன். என்னதான் பண்றான்னு பாக்கலாமேன்னு. பாதிக் கூட்டத்துல தண்ணி குடிக்கற மாதிரி எந்திரிச்சு வெளிய வந்தேன். குனிஞ்சு உக்காந்து செருப்பை அடுக்கிக்கிட்டு இருக்கா. என் ரெண்டு செருப்பும் அவ முன்னால ஜோடியா இருக்கு. வாய்க்குள்ள மெதுவா எண்ணறா.

"எக்க... தெக்க... துன... ஹத்தர..."

நான் நிலையைப் பிடிச்சுக்கிட்டேன்.

தண்டனையில இருக்கறவகிட்டப் பேசக்கூடாது. பேசிட்டேன். "நீ எந்த ஊரு?"ன்னேன்.

நிமிந்து பாத்தா. "இரத்தினபுரிப் பக்கம்க்கா. ரப்பர் தோட்டம். எம்பத்தி நாலுல வள்ளத்துல வந்தோம், ராமேஸ்வரத்துக்கு. அம்மா அங்கயே இருந்துட்டாங்க."

"ராமநாதபுரம்னியே?"

"அகதி கேம்ப் அங்கதான இருந்துச்சு. நீங்க அதுக்கு மேல கேக்கலையே."

"அப்போ நான் பேசினது..."

"முதல் நாளே தெரியும்க்கா." சொல்லிக்கிட்டே என் செருப்புல இருந்த மண்ணை வழிச்சுப் போடறா. "நீங்க தனியா நின்னு எண்ணினீங்க. ஐயா முறைச்சாரு. யாரும் பதில் சொல்லாம விட்டா ஒரு மாதிரி இருக்குமேன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அந்தப் பாஷையைக் கேக்கறதுக்காகவே வருவேன். இங்க யாரு பேசறா அதை?"

"அன்னிக்கு மேசைக்கு முன்னால ஏன் என் பேரைச் சொல்லல?"

"என் பாவத்தைத்தானேக்கா கேட்டாங்க."

பாத்தியா? பாத்தியா கண்ணு? நாலு வருஷமா என்னை அவ தூக்கிச் சுமந்திருக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. யாரு கேட்டா அவளை? நிஜ வரம்னு நெனச்சு நான் எரிஞ்சேன். அது வரமே இல்ல, வெறும் நல்ல மனசுன்னா, அது இன்னும் மோசமில்லையா? வரம்னா சாமி குடுத்தது, நமக்குக் குடுக்கலைன்னு சாமிகிட்ட சண்டை போடலாம். நல்ல மனசுக்கு யாருகிட்டப் போயி சண்டை போடறது?

அன்னிக்கு முடிவு பண்ணினேன். நானும் எந்திரிச்சு நிக்கறது. என் பாவம் அவ பாவத்தைவிடப் பெருசு. கம்மலுக்கும் நாலு வருஷப் பொய்க்கும் அவளுக்கு ஒரு வருஷம்னா, இருபத்தஞ்சு வருஷப் பொய்க்கு எனக்கு ரெண்டு வருஷமாவது குடுத்தாகணும். அதுல அவ என்னை மிஞ்ச முடியாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை நானே எந்திரிச்சேன். மேசைக்கு முன்னால போயி நின்னேன். "ஐயா, நான் பாவி. எனக்கு அந்நிய பாஷை வரம் கிடையாது. நான் பேசினதெல்லாம் சிங்களம். சிலோன்ல பாண் கடையில கேட்டது"ன்னு சொல்லிட்டேன். வாசப்பாயைத் திரும்பிப் பாத்தேன். தொர்க்காள் வேண்டாம்ங்கற மாதிரி தலையை ஆட்டறா.

ஐயா என்னையே பாத்தாரு. கண்ணுல தண்ணி. "பாருங்க ஜனங்களே"ன்னாரு. "தொர்க்காள் செஞ்ச துரோகத்தால இந்தச் சகோதரி மனசு எவ்வளவு நொந்துபோயிருக்கு பாருங்க. தன் வரத்தையே சந்தேகப்படற அளவுக்கு சாத்தான் இவங்களைக் கலங்கடிச்சுட்டான்."

"இல்லீங்கய்யா, நிஜமாவே சிங்களம்"னேன். "வேணும்னா கேளுங்க. எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, ஹய. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

நான் முடிக்கல. அல்லேலூயா! ஒருத்தன் ஆரம்பிச்சான், அப்புறம் மொத்த சபையும். இத்தனை மாசம் அடைபட்டிருந்த அபிஷேகம் உடைச்சுக்கிட்டு வந்துருச்சாம். என் தலையில ஏழெட்டுக் கை. நான் கொஹெத யன்னேன்னு கத்தறேன், பாண் இவரய்னு கத்தறேன், கத்தக் கத்த அவங்க கூடக் கத்தறாங்க. என் வாழ்நாள்ல நான் சொன்ன ஒரே நிஜம் அது. ஒருத்தர் நம்பல.

எனக்குத் தண்டனை இல்ல. ஒரு நாள்கூடக் குடுக்கல.

ஆத்திரமா வந்துச்சு. கையெல்லாம் உதறிட்டு, நேரா நடந்து போயி வாசப்பாய்ல உக்காந்துட்டேன். நீங்க குடுக்காட்டி என்ன, நானே எடுத்துக்கறேன். அங்க இருந்து ஐயா குரல் கேக்குது: "இதான் தாழ்மை! அபிஷேகம் பெற்றவங்க விழுந்துபோனவ பக்கத்துல போயி உக்காந்தாங்க பாருங்க!"

தொர்க்காள் நகந்து எனக்கு இடம் விட்டா. பாய் சின்னது, முட்டி முட்டியில இடிக்குது. அப்புறம் ஒரு விரலால தன் முழங்காலைத் தொட்டு மெதுவா "எக்க"ன்னா. என் முழங்காலைத் தொட்டு "தெக்க"ன்னா.

நான் அழுதுட்டேன். ஏன் அழுதேன்னு கேக்காத. ஒம்பது வயசுக்கப்புறம் என்னை யாரும் அந்தப் பாஷையில எண்ணினதில்ல.

இப்போ ஒவ்வொரு வாரமும் அங்கதான் உக்காருறேன். அவளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. எனக்குக் கணக்கே கிடையாது, நானா உக்காந்தவ. வர்றவங்க எல்லாரும் எனக்கு ஸ்தோத்திரம் சொல்றாங்க, அவளுக்குச் சொல்றதில்ல. ஆனா எனக்குச் சொல்லிட்டு அவளைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க. நான் பாக்கலேன்னு நெனைப்பு. செருப்பு நானும்தான் அடுக்கறேன். அவ அடுக்கினது நேரா இருக்கு, நான் அடுக்கினது கோணலா இருக்குன்னு ஒருத்தி சொல்றா, எப்படி இருக்கும் எனக்கு?

எல்லாத்தையும் விடு. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறல. நான் போறதுக்கு முன்னால அவ அங்க இருக்கா. வாராவாரம். நான் போயி உக்காந்ததும் விரலை வெச்சு எண்ணுவா. எக்க அவளுக்கு. தெக்க எனக்கு. ரெண்டே பேர் இருக்கற பாய்லயும் நான் ரெண்டாவதுதான்.

மகள் வீட்டுக்கு மேட்டுப்பாளையம் வந்தேன், ஞாயிறு இருந்துட்டுப் போம்மான்னா. முடியாதுன்னு கிளம்பிட்டேன். என்ன, ரம்பம் சத்தம் கேக்குதா? ஆள் வந்துட்டானா? நல்லாப் பாரு. ம், அறுத்து உருட்டறாங்க, எல்லாரையும் ஏறச் சொல்றாங்க. அப்பாடா.

நாளைக்கு ஏழரைக்கு நான் அங்க இருப்பேன். பாய்ல சுவரோரமா நல்லா சம்மணம் போட்டு உக்காந்துக்குவேன். எட்டு மணிக்கு அவ படியேறி வருவா. வரட்டும். நிலைப்படி தாண்டி அவ காலை வெக்கறதுக்குள்ள நான் எண்ணிடுவேன். என் முழங்காலைத் தொட்டு, எக்க. அப்புறம் அவளுக்கு நகந்து இடம் விடுவேன். நான் விடுவேன், அவ இல்ல.